ஏழு பைகள் ஏறிய மலை

பைகளைக் காத்து நிற்கும்போது அவர் தம் இடக்காற் செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலை ஏதேனும் ஒரு பையின் வாரிலே கோத்துக்கொள்வார். கைகள் இரண்டும் பின்புறம் கட்டியிருக்கும். பார்ப்பவர்க்கு ஏதோ எண்ணத்தில் ஆழ்ந்து நிற்பவர் போலத் தோன்றும். ஆயினும் அந்த வார் ஒரு நெல்லளவு அசைந்தால் அவர் உடல் முழுவதும் அப்பக்கம் திரும்பிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரோடு ஒரே பாடசாலையிலே பணியாற்றிய எனக்கு, அவர் முகத்தைக் காட்டிலும் அந்தக் கால்விரலே தெளிவாக நினைவில் நிற்கின்றது.

அவர் எங்கள் பாடசாலையின் ஆய்வுகூட உதவியாளர். நான் தமிழ் கற்பித்தேன். கணிதம் கற்பித்த யோசேப்பும் புவியியல் கற்பித்த காதரும் என் நெருங்கிய தோழர்கள். நால்வரும் நண்பர்கள் என்றே ஊரார் சொல்வர். நாங்களும் அவ்வாறே சொல்லிக்கொண்டோம். ஆனால் அவர் எங்கள் மூவரையும் மாணவர் அழைப்பதுபோல ‘சேர்’ என்றே அழைத்தார். ஓய்வு பெற்ற பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. மாற்றும்படி நாங்களும் ஒருநாளேனும் சொன்னதில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் வீட்டார் இதனைப் படித்தறிவர். நான் ஒளித்து வைத்திருக்கும் ஒன்று அப்போது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

“நான் இஞ்ச நிக்கிறன், நீங்க போயிற்று வாங்க.”

அவர் வாயிலிருந்து நான் மிகுதியாகக் கேட்ட தொடர் இதுவே. பரீட்சை நாள்களிலே மாணவர் மண்டபத்துக்கு வெளியே புத்தகப் பைகளைக் குவித்துவிட்டு உள்ளே செல்வர். அவர் அக்குவியலருகே நிற்பார். அது அவருக்குப் பணிக்கப்பட்ட வேலையன்று. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று நாங்கள் அமிர்தகழிக்குத் தீர்த்தமாடப் போவோம். யோசேப்பும் காதரும் துணைக்கு வந்து கடைத்தெருவிலே உலாவுவர். நானும் அவரும் தந்தையரை இழந்தவர்கள். அந்நாளிலே மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக்குளத்தில் மூழ்கித் தந்தைக்குச் செய்யும் கடனைச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். சனநெரிசலிலே உடைகளையும் கைக்கடிகாரத்தையும் எங்கே வைப்பது? அவர் தம் தோளிலிருந்த துவாயை விரித்து அவற்றை வாங்கிக்கொள்வார்.

“நீங்க முதல்ல முழுகிற்று வாங்க சேர். நான் மறுகா போறன்.”

நான் மூழ்கி எழுந்து, தலை துவட்டி, தருப்பணம் முடித்து, ஐயரோடு சிறிது உரையாடித் திரும்பும்போது நண்பகல் கடந்திருக்கும். காதர் பேருந்துக்கு நேரமாகிறது என்று விரைவுபடுத்துவார். நால்வரும் புறப்பட்டுவிடுவோம். அந்த ‘மறுகா’, அந்தப் ‘பிறகு’, எப்போது வந்தது என்று நான் கேட்டதேயில்லை. அதிகாலையிலேயே தனியாக வந்து மூழ்கியிருப்பார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

காதர் அவரைக் கேலி செய்வதில் வல்லவர். “இந்த மனுசன் சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்லதான் நிப்பார், பாருங்க. வாறவன் போறவன்ட செருப்பெல்லாம் காத்துக்கொண்டு.”

“அங்கயும் செருப்புக் கழட்டணுமா சேர்?” என்று அவர் உண்மையான ஐயத்தோடு கேட்பார். கேட்டுவிட்டு, எங்களுக்குச் சிரிப்பு வந்தபின் தாமும் சிரிப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் யோசேப்பின் மகள், இத்தாலியிலே குடும்பத்தோடு வாழ்பவள், தந்தையையும் அவர் தோழர்களையும் ஒரு மாதம் வந்து தங்குமாறு அழைத்தாள். புளியந்தீவிலே யோசேப்பின் வீட்டில் இருந்து அதுபற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவள் அனுப்பிய படம் ஒன்றை யோசேப்புத் தம் கைப்பேசியிலே காட்டினார். மலைமீது அமைந்த பழைய ஊர் ஒன்றின் மதிலிலிருந்து கீழே எடுத்த படம் அது. கட்டங்கட்டமாக வயல்கள் பரந்து கிடந்தன.

யோசேப்பின் கையிலிருந்து அவர் அதனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்குக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலே இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. வயற்பரப்பை எங்கள் பக்கத்தார் வட்டை என்பர். பாடசாலை விட்டதும் அவர் போவது வட்டைக்கே.

“இது மேல நிண்டு எடுத்த படமா சேர்?”

“ஓம். ஊரே மலைக்கு மேலதான். மதிலடியில நிண்டா இப்பிடித்தான் தெரியுமாம்” என்றார் யோசேப்பு.

“எங்கட வட்டைய நான் ஒருநாளும் மேல இருந்து பாக்கல்ல. வரம்பில நடந்து நடந்தே காலம் போயிற்று. மேல நிண்டு பாத்தா வரம்பெல்லாம் கோடு கீறினாப்போல இருக்குமாக்கும், என்ன சேர்?” சற்றுத் தயங்கினார். “ஒருக்காப் பாக்கணும்.”

அவர் தமக்கென ஒன்றை விரும்பிச் சொல்ல நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கட்டாரிலிருந்த அவருடைய மூத்த மகன் பயணச்சீட்டை அனுப்பிவைத்தான். விமானத்திலே நடு இருக்கை அவருக்கு வாய்த்தது. சன்னலோரம் இருந்த காதர் புறப்பட்டது முதல் இறங்கும்வரை உறங்கினார்.

அந்த மலையூரின் பெயரைத் தமிழெழுத்திலே எழுதலாம். எழுதினால் அவ்வூரார் எவரும் அதனைத் தம் ஊரென அறியார்; ஆதலால் விடுகின்றேன். யோசேப்பின் மகள் வீட்டிலிருந்து புகைவண்டியிலே ஒன்றரை மணிநேரம். பின் அடிவார நிலையத்திலிருந்து பேருந்து. காலையிலே சென்று மாலையிலே திரும்புவதாக ஏற்பாடு. வேலை நாளாதலால் அவளால் வர இயலவில்லை. எந்த வண்டியில் ஏறுவது, எங்கே இறங்குவது, எங்கிருந்து மீள்வது என அனைத்தையும் ஒரு தாளிலே தமிழில் எழுதி என்னிடம் தந்தாள். மூத்தவனும் மிகுதியாகப் படித்தவனும் நான் என்பதனாலே என்னிடம் தந்தாள். நான் அதனை வழிநடைக்கென எடுத்துச்சென்ற நூலொன்றின் பக்க அடையாளமாகச் செருகிக்கொண்டேன்.

பேருந்து எங்களைக் கீழ்வாயிலில் இறக்கிவிட்டது. பழைமையான கல்வளைவு; அதனடியில் அன்று ஒரு சந்தை கூடியிருந்தது. மேலே செல்லும் தெரு, தெரு என்பதைவிடப் படிவரிசை என்பதே பொருந்தும், செங்குத்தாக ஏறிச் சென்றது. ஏறத் தொடங்குமுன்பே யோசேப்பு ஒலிவ எண்ணெய்த் தகரப்பேணி ஒன்றும் சுடுமண் தட்டங்கள் சிலவும் வாங்கினார். நான் அவ்வூர் வரலாற்றைக் கூறும் பருத்த நூல்கள் இரண்டு வாங்கினேன். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. படங்களின் பொருட்டே வாங்கினேன். மதிய உணவுப் பொதிகள், தண்ணீர்ப் போத்தல்கள், குளிரங்கிகள் எல்லாம் சேர்ந்து பைகள் ஏழாயின.

நால்வரும் பைகளையும் படிகளையும் மாறிமாறிப் பார்த்தோம். யார் முதலில் வாய் திறப்பார் என்பது நால்வருக்கும் தெரியும்.

“நான் இஞ்ச நிக்கிறன், நீங்க போயிற்று வாங்க.”

“சும்மா இருங்க காணும்! மலையப் பாக்க வந்த மனுசன் சந்தையப் பாத்துக்கொண்டு நிக்கிறதா?” என்றார் காதர்.

அப்போது நான் தலையிட்டேன். “இவர் பன்னிரண்டு மணிவரைக்கும் நிக்கட்டும். பன்னிரண்டுக்கு நான் இறங்கி வந்து பைகளைப் பாத்துக்கொள்ளுறன். அப்ப இவர் ஏறிப் போய் மதிலடியில நிண்டு ஆறுதலாப் பாக்கலாம்.”

“சேருக்கு எதுக்குக் கரைச்சல்…” என்றார் அவர். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றி, எனது நூற்பையின் வாரிலே விரலைக் கோத்தார். அந்தப் பையிலேதான் மகள் எழுதித்தந்த தாளும் இருந்தது.

மேலே நான் கண்டவற்றை விரித்துரைக்க இப்போது மனம் கொள்ளவில்லை. பெருங்கோயில் ஒன்று, அதன் முகப்பிலே கல்வெட்டுகள். எழுத்துப் பொறித்த கல்லைக் கண்டால் காலத்தை மறப்பவன் நான். யோசேப்பு உள்ளே சென்று முழந்தாளிட்டுச் செபித்தார். பன்னிரண்டு மணிக்கு அக்கோயிலின் மணிகளே ஒலித்தன. அவ்வொலியை வியந்து நான் காதருக்கு ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். பின்னர் பசித்தது. உணவுப் பொதிகள் கீழே இருப்பது நினைவுக்கு வந்தது. ஆனால் எதிரே பீட்சாக் கடை இருந்தது. உண்டோம். உண்டபின் இறங்கலாம் என்றேன். உண்டபின் அருங்காட்சியகம் திறந்தது.

“அந்த மனுசன் கீழ நிக்கிறார்” என்று காதர் இருமுறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது நான், “போறன், போறன்” என்று சற்றே சினந்து சொன்னதும் நினைவிருக்கின்றது.

மாலை ஐந்து மணியளவில் அருங்காட்சியக வாயிலிருந்த பெண்ணிடம் காதர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே பேருந்துபற்றிக் கேட்டார். கடைசிப் பேருந்து ஐந்து நாற்பதுக்கு. அது கீழ்வாயிலுக்கு வாராது. மேல்வாயிலிலிருந்து புறப்பட்டு மலையின் மறுபுறத்தால் இறங்கும் என்றாள்.

“ஏறின இடத்திலதானே இறக்குவான் எண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க!” என்று காதர் என்னைப் பார்த்தார்.

சொன்னவன் நான்தான். எங்கள் ஊரிலே பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குள் வரும் பேருந்து நின்ற இடத்திலிருந்தே மீளும். மேடென்பதை அறியாத கரையோரச் சமவெளியிலே பிறந்தவனுக்கு, ஓர் ஊருக்கு மேலே ஒரு வாயிலும் கீழே ஒரு வாயிலும் இருக்கலாம் என்பது தோன்றவில்லை. தாளைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவருக்கு அழைப்பெடுத்தேன். முதல் ஒலியிலேயே பேசினார்.

“சேர், வாறீங்களா?”

அந்தக் குரலில் இருந்த எதிர்பார்ப்பை இன்றும் என் காது விடவில்லை.

“இல்லை. பஸ் மேலயிருந்துதான் போகுதாம். பையெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு மேல்வாசலுக்கு வாரும். நேரா அந்தப் படியாலதான். கெதியா வாரும்.”

பைகளை ஒன்றாய் இழுத்துச் சேர்க்கும் ஓசை கேட்டது. பின், “ஓம் சேர், வாறன்” என்றார்.

காதர் இறங்கப் புறப்பட்டார். நான் தடுத்தேன். வேறு சந்தால் அவர் ஏறிவந்தால் இருவரும் தவறிவிடுவீர்கள், பேருந்தும் தவறிவிடும் என்று காரணம் காட்டினேன். தருக்கப்படி அது சரியான காரணமே. எனக்கு எப்போதும் சரியான காரணங்கள் கிடைத்துவிடும்.

நெடுநேரம் சென்றபின் தெருவின் திருப்பத்திலே அவர் தோன்றினார். நான்கு பைகள் சுமந்து வந்தார். இருபது படி ஏறினார், பைகளை இறக்கிவைத்தார், திரும்பி இறங்கிச் சென்று மற்ற மூன்றையும் எடுத்துவந்து அவற்றோடு சேர்த்தார். பின்னர் மீண்டும் நான்கு, மீண்டும் மூன்று. மேலிருக்கும் குவியலும் கீழிருக்கும் குவியலும் ஒருசேரத் தம் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு மேல் அவர் ஒருபோதும் நகரவில்லை. அடிவாரத்திலிருந்து அவ்வாறே வந்திருக்கின்றார். இறங்கும்போதுகூட அவர் முகம் பின்புறம் திரும்பி மேலிருந்த பைகளைப் பார்த்தபடியே இருந்தது.

“அல்லாவே!” என்று காதர் ஓடினார். அவர் கையிலிருந்து இரண்டைப் பிடுங்கிக்கொண்டார். யோசேப்பும் ஓடினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாயிலருகே நின்றேன். பேருந்து அங்கே உறுமிக்கொண்டு நின்றது.

“என்ன காணும் இவ்வளவு நேரம்?” என்றேன்.

அவர் பேச மூச்சுப் போதாமல் விரல்களால் ஏழெனக் காட்டினார். பின், “எண்ணிப் பாருங்க சேர். ஒண்டும் குறையல்ல” என்றார்.

அவ்விடத்திலிருந்து முப்பது அடி தொலைவிலே மதில். மதிலுக்கப்பால் ஒன்றுமில்லை, வெளி மட்டுமே. அவர் அதனைக் கண்டுவிட்டார். பைகளைக் கீழே வைத்து, அப்பக்கமாக ஒரு காலெடுத்து வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நிமிசம் சேர். எட்டிப் பாத்திட்டு…”

“நேரமில்லை. ஏறும்.”

அவர் ஏறினார்.

நாங்கள் ஏறி அமர்ந்ததும் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் புகை பிடிக்கத் தொடங்கினார். கடைக்காரி ஒருத்தியோடு சிரித்துப் பேசினார். கதவு திறந்தே இருந்தது. பத்து நிமிடம் அவ்வாறே இருந்தோம். நான் பள்ளத்தாக்கின் பக்கத்துச் சன்னலோரம் இருந்தேன். அவர் நடைவழிக்கு அப்பால், மலைப்பக்கத்தில் இருந்தார். அவருடைய சன்னலிலே தெரிந்தது கருங்கற் சுவர். மடியில் எனது நூற்பை, காலடியில் மற்றவை, பெருவிரல் ஒரு வாரில்.

கீழே வெயில் சாய்ந்த வயல்வெளி. எனக்கு முன்னிருந்த காதரிடம் என் வழக்கப்படி அதனை வருணிக்கலானேன். “பாரும் காதர்! பச்சையும் பொன்னும் பாவி நெய்த கம்பளம். நடுவிலே வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல ஒரு நீர்நிலை!”

நடைவழிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.

“வரம்பு தெரியுதா சேர்?”

“தெரியுது. கோடு கீறினாப்போலத் தெரியுது” என்றேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டு தலையசைத்தார். நான் எழுந்து அவரை என் இடத்தில் இருத்தியிருக்கலாம். நான் அதை நினைக்காமலும் இல்லை. பைகளை எல்லாம் இடம் மாற்ற வேண்டுமே என்று நினைத்தேன். சாரதி எந்நேரமும் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். சாரதி ஏறினார். முதல் வளைவு கடந்ததும் வண்டி மலையைக் குடைந்த சுரங்கப்பாதைக்குள் புகுந்தது. வெளிவந்தபோது நாங்கள் சமநிலத்தில் இருந்தோம். வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல ஒளிர்ந்தது எதுவென்று அப்போது அண்மையிலே கண்டேன். நாற்றுமேடைகளுக்குக் கூரையாக விரித்த பிளாஸ்டிக் தாள். அதனை நான் எவருக்கும் சொல்லவில்லை.

புகைவண்டியிலே அவர் உணவுப் பொதிகளை வெளியே எடுத்தார். நான்கும் கட்டு அவிழாமல் இருந்தன.

“சேர்மார் பசியோட இருப்பீங்க.”

“நீங்க சாப்பிடல்லயா?” என்று யோசேப்புக் கேட்டார்.

“எல்லாரும் வந்தாப்பிறகு எண்டு இருந்தன்.”

அவர் கழிப்பறைப் பக்கம் சென்றபோது யோசேப்பு, கணக்காசிரியர் அல்லவா, தாழ்ந்த குரலில் சொன்னார்: “நாங்க அந்த மலைய ஒருக்கா ஏறினம். ரெண்டு தரமாத் தூக்கினா, ஒவ்வொரு படியும் மூண்டு தரம் நடக்கணும். அவர் மூண்டு தரம் நடந்திருக்கார், சேர்.”

அடுத்த கிழமை எல்லோரும் மீண்டும் அங்கே போவதென்று பேசினோம். மழை பெய்தது. பின் ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது.

ஊருக்கு வந்தபின் ஓராண்டு கழித்து அவர் இறந்தார். சிறுநீரகம் பழுதடைந்து நெடுநாளாயிற்றென்று வைத்தியர் சொன்னார். மலையேற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று காதர் எனக்கு வற்புறுத்திச் சொல்வதுண்டு. அது உண்மையே. எனக்கு உதவாத உண்மை.

முப்பத்தோராம் நாளன்று அவர் வீட்டுக்குப் போனேன். கிரியைகள் முடிந்து உறவினர் கலைந்தபின் அவர் மனைவி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என்னெதிரே அமர்ந்தார். பேச்சு ஆடி அமாவாசைக்கு வந்தது. இனி மகன் தீர்த்தமாட வேண்டும் என்றார். அவர் இருந்த காலத்தில் எப்போது தீர்த்தமாடுவார், விடியுமுன்னமா என்று, முப்பது ஆண்டுகள் கேளாததை அன்று கேட்டேன்.

“எங்க சேர் முழுகினார்! உங்களோட வந்திட்டு, உலர்ந்த தலையோடதான் வருவார். வந்து இந்தக் கிணத்தில ரெண்டு வாளி அள்ளித் தலையில வாப்பார். ‘எல்லாம் தண்ணிதானே, அப்பாவுக்கு விளங்கும்’ எண்டுவார்.”

நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆனா இத்தாலிக்குப் போய் வந்தாப்பிறகு மனுசன் வேற ஆள்தான் சேர்” என்று அந்த அம்மா தொடர்ந்தார். அவர் முகத்திலே ஒரு வெளிச்சம். “வாறவங்க போறவங்க எல்லாருக்கும் அந்தக் கதைதான். வரம்பெல்லாம் கோடு கீறினாப்போல. பச்சையும் பொன்னும் பாவி நெய்த கம்பளம். நடுவில வெள்ளிய உருக்கி ஊத்தினாப்போல ஒரு தண்ணி. ஒரு சொல்லு மாறாது. ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ளயும் தாதிமாருக்குச் சொன்னவர். ‘எங்கட சேர்தான் எனக்குக் காட்டினவர்’ எண்டு சொல்லுவார்.”

நான் விடைபெற எழ முயன்றேன்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சேர். அவர்ர ஆசை அது ஒண்டுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்றே முன்னுக்குச் சாய்ந்தார். “ஒண்டு கேக்கணும் எண்டு இருந்தன். அந்தத் தண்ணி ஆறா, வாவியா? நான் எத்தினையோ தரம் கேட்டிட்டன். ‘அது சேரிட்டத்தான் கேக்கணும்’ எண்டுவார்.”

முற்றத்திலே வெயில் வெள்ளையாகக் கிடந்தது. சொல்வதற்கு அதுவே தருணம். மதில் முப்பது அடியில் இருந்ததையும், பத்து நிமிடம் வண்டி நின்றதையும், சன்னலில் கருங்கற் சுவர் இருந்ததையும் சொல்லியிருக்க வேண்டும்.

“வாவி” என்றேன்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்” என்று அந்த அம்மா நிறைவோடு தலையசைத்தார். “சேர் காட்டினதெண்டா சரியாத்தான் இருக்கும்.”